கணக்கை முன்வையுங்கள்!

2015இல் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. "குறையெல்லாம் தீர்ந்தது" என்பர் ஒரு சாரார். "ஒன்றுமே நடக்கவில்லை" என்பர் மறு சாரார். இரண்டும் மேடைப் பேச்சே!

ரப்பர் தோட்டத்திற்கென இலங்கையிலிருந்து அழைத்து வரப்பட்டு 1970களில் கச்சாலில் குடியேற்றப்பட்டனர் நம் தமிழர். அங்கிருந்து தலைநகர் மருத்துவமனைக்குச் சுமார் 400 கிலோமீட்டர் கடல். நெஞ்சுவலிக்காரருக்குக் கப்பல் அட்டவணை தெரியுமா?

சட்டமன்றமில்லாத நம் தீவுகளுக்காக மக்களவையில் கேள்வி கேட்க ஒரே உறுப்பினர்தான். ஆகவே நாமே கேட்கிறோம்: தீவுவாரியாகக் காலியாயுள்ள மருத்துவர் இடங்கள் எத்தனை? சென்னைக்கு அனுப்பப்பட்ட நோயாளிகள் எத்தனை பேர்? ஹெலிகாப்டருக்குக் காத்திருந்தே உயிர்விட்டோர் எத்தனை பேர்?

நிர்வாகம் ஆண்டுதோறும் கணக்கை வெளியிடட்டும். நாமும் வதந்தியை விடுத்து, ஊர் ஊராய்க் குறித்து வைப்போம். அதன் பிறகு வாதாடுவோம், தோழர்களே!