பெற்றோருக்குத் தேவை உபதேசம் அல்ல

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,892 பேர். இத்தகைய விவரங்கள் வெளிவரும் ஒவ்வொரு முறையும் பழி பெற்றோர் மீதே விழுகிறது. பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேசுங்கள், அழுத்தம் தராதீர்கள், கைபேசியைக் கண்காணியுங்கள் என்று அறிவுரைகள் குவிகின்றன. பேசுவதற்கு நேரம் எங்கே, தடுமாறும் பெற்றோர் யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விகளுக்கு மட்டும் ஆட்சியாளர்களிடம் பதில் இல்லை.

திட்டம் இல்லாமல் இல்லை. 2014 ஜனவரியில் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்திய காரியக்ரம், 10 முதல் 19 வயது வரையிலான வளரிளம் பருவத்தினருக்கானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இவர்கள் 25 கோடிக்கும் அதிகம். ஊட்டச்சத்தோடு மனநலம், வன்முறை, போதைப் பழக்கம் ஆகியவையும் அதன் வரம்புக்குள் வருகின்றன. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கிராமத்திலேயே வளரிளம் பருவத்தினர் சுகாதார நாள் நடத்தி, பெற்றோரையும் அழைத்துப் பேச வேண்டும் என்பது வழிகாட்டுதல். காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீடு வீடாகச் சென்று ஆள் திரட்டும் ஆஷா ஊழியருக்கு இதற்கென நிர்ணயிக்கப்பட்ட ஊக்கத்தொகை 200 ரூபாய்! திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013இல் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசுக்கோ ஆஷாக்கள் இன்றும் ‘தன்னார்வலர்கள்’தான்.

மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி பெற்றுவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. 100 மாணவர்களுக்கு மேல் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் இருக்க வேண்டும், பெற்றோருக்கு மனநல விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்றது. வரவேற்கத்தக்கது. ஆனால் பயிற்சி மையங்கள் ஆலோசகர் பெயரைப் பலகையில் எழுதி, அதற்கும் கட்டணம் வசூலித்துவிடும். அரசுப் பள்ளிகளிலோ நிரந்தரப் பணியிடமும் நிதியும் இன்றி ஆலோசகர் வரமாட்டார்.

நேரத்தின் கதை இன்னும் கசப்பானது. குஜராத் பாஜக அரசு 2025இல் அவசரச் சட்டத்தின் மூலம் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைநாளுக்கு வழி திறந்தது. வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கச் சொல்கிறார் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி. இப்படி உழைத்துத் திரும்பும் தகப்பன் எந்த நேரத்தில் மகனிடம் மனம்விட்டுப் பேசுவது? 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி ஊதியமற்ற வீட்டு வேலையில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள். பெற்றோர் கூட்டம் என்றால் ஒரு நாள் கூலியை இழந்து வந்து அமர்பவர் பெரும்பாலும் தாய்தான். பிள்ளை ‘கெட்டுப்போனால்’ ஊர் தூற்றுவதும் அவரைத்தான்.

இந்த வெற்றிடத்தில்தான் ‘பண்பாட்டுக் காவலர்கள்’ நுழைகிறார்கள். சத்தீஸ்கரில் ரமண்சிங் தலைமையிலான பாஜக அரசு பிப்ரவரி 14ஐப் பள்ளிகளில் பெற்றோர் வழிபாட்டு நாளாக்கியது. அந்த யோசனையை நாடெங்கும் பரப்பியவர் ஆசாராம். சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்த குற்றத்துக்காக 2018இல் ஆயுள் தண்டனை பெற்ற அதே ஆசாராம்! பிள்ளைகள் காலில் விழுந்து வணங்கினால் பெற்றோரின் அச்சம் தீராது. வளர்ந்துவரும் மகளின் நட்பையும் காதலையும் சாதியின் கண்கொண்டு பார்க்கும் பழக்கம் அதனால் மேலும் இறுகவே செய்யும். கட்சிக் குடும்பங்களும் இதிலிருந்து தாமாக விடுபட்டுவிடுவதில்லை.

கேரளத்தில் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் கீழ் அரசுப் பள்ளிகளில் உளவியல் சமூக ஆலோசகர்கள் பணிபுரிகிறார்கள். பொது நிதியில் இது சாத்தியம் என்பதற்கு இதுவே சான்று. ஒன்றிய அரசு இதற்கான நிதியை எல்லா மாநிலங்களுக்கும் நிபந்தனையின்றி வழங்க வேண்டும். ஆலோசகர்களையும் ஆஷாக்களையும் முறையான ஊழியர்களாக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் உதவி எண்ணைப் பெற்றோரும் அழைக்கலாம் என்பது ஒவ்வொரு குடியிருப்பிலும் தெரிந்திருக்க வேண்டும்.

மாதர், மாணவர், வாலிபர் அமைப்புகள் இதைத் தம் வேலைத்திட்டத்தில் சேர்க்க வேண்டும். கூட்டத்தை வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில், குடியிருப்புக்குள்ளேயே நடத்துவதும், தந்தையரை வரவழைப்பதும் அவசியம். நம் ஊரில் கடைசியாக வளரிளம் பருவத்தினர் சுகாதார நாள் நடந்தது எப்போது என்று அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் ஒவ்வொரு கிளையும் எழுந்து கேட்கட்டும்.