அந்தி, தனிமை, டக் படகு

தூத்துக்குடித் துறைமுகத்து டக் படகுகளை அந்தியில் படமெடுத்து வந்து காட்டும் நண்பர்கள் எங்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் சிலர் உண்டு. படங்கள் பல என்றாலும் காட்சி ஒன்றே. செக்கர் வானம், கரிய நிழலாக ஒரு டக், கீழே ‘தனிமை’ என்றொரு சொல். இதை அழகுணர்ச்சி என்கிறார்கள். நான் சோம்பல் என்பேன்.

தூத்துக்குடிக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. கரையில் நிற்பவனுக்குக் கதிரவன் மறைவது முதுகுக்குப் பின்னால், ஊர்ப்பக்கம். அப்படியென்றால் கடல்விளிம்பில் செம்பரிதி தொங்கும் அந்தப் படங்கள் விடியலில் எடுத்தவை அல்லவா? தலைப்புக்காகப் பொழுதையே மாற்றுகிறோம். நெய்தல் என்றால் இரங்கல் என்று மனப்பாடம் செய்த கண்ணுக்கு எந்தப் படகும் ஏங்கத்தான் செய்யும். ஜோ டி குரூஸின் ‘கொற்கை’யில் கடல்தொழிலின் சொற்களை வியந்து படித்தவர்களும் டக் என்றதும் நிழலோடு நின்றுவிடுகிறார்கள்.

டக் தனித்து இயங்குவதே இல்லை. பெருங்கப்பல் துறைமுகத்துக்குள் வேகம் குறைக்கும்போது சுக்கானின் பிடி தளர்கிறது. காற்று அதன் விலாவைத் தள்ளுகிறது. கப்பலில் நிற்கும் பைலட் வானொலியில் சொல்லச் சொல்ல, டக் முட்டித் தள்ளியும் வடத்தால் இழுத்தும் அதைக் கரையணைக்கிறது. (‘இழுவைப் படகு’ என்ற மொழிபெயர்ப்பு பாதி வேலையைத்தான் சொல்கிறது.) ஆண்டாள் தேர் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர். சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு நிற்பவர் சிலர். தேரின் போக்கு அந்தச் சிலர் கையில். இங்கே வடம் பக்கவாட்டில் இறுகினால் சில நொடிகளில் டக் கவிழ்ந்துவிடக்கூடும். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கருமையில் புதைத்துவிட்டுத் தனிமை என்று எழுதுவது என்ன நியாயம்?

துறைமுகத்துக்குள் படமெடுக்க அனுமதி வேண்டும், தொலைவிலிருந்து நிழல்தான் கிடைக்கும் என்பார்கள். தவறு. தொலைவிலிருப்பவர் காண்பதற்காகவே விளக்குகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல்மோதல் தடுப்பு விதிகளின்படி, கதிரவன் மறைந்தபின் மற்றொரு கலத்தைப் பின்னே கட்டி இழுக்கும் கலம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்குகளை ஏற்ற வேண்டும். இழுவையின் நீளம் 200 மீட்டரைத் தாண்டினால் மூன்று. பின்புற வெள்ளை விளக்குக்கு மேல் ஒரு மஞ்சள் விளக்கு. முன்னே தள்ளிச் செல்லும்போது அந்த மஞ்சள் கிடையாது. இழுக்கிறதா தள்ளுகிறதா என்பதை அந்தியில் படகே சொல்லிவிடுகிறது. நம்மவர்கள் நிழல் கெடுமென்று அதை இருட்டில் அமுக்குகிறார்கள். அடுத்த முறை போகிறவர்கள் அந்த மஞ்சளைப் பிடித்து வரட்டும். தலைப்பை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.