யந்திரக் குமாஸ்தாவுக்கு எழுதும் உத்தரவு

கூட்டுறவுச் சங்கத்திற்கு ஆதாரம் அதன் அங்கத்தினர் பதிவேடு. பெயர், விலாசம், செல்போன் எண், வாரிசு நியமனம் ஆகியவை அதில் சரியாக இருந்தால்தான் கூலியும் பயிர்க்கடனும் உரியவரைச் சேரும். நாடெங்கும் சுமார் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. இப்பொழுது, செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் என்னும் யந்திரக் குமாஸ்தாவைப் பற்றிய பேச்சும் எழுந்திருக்கிறது. பதிவேட்டை அதனிடம் ஒப்படைக்குமுன் ஒரு விஷயத்தை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இந்த ஏஜென்ட் பதிவேட்டை நேரே தொடுவதில்லை. தேட ஒன்று, சேர்க்க ஒன்று, திருத்த ஒன்று, நீக்க ஒன்று எனச் சில கருவிகள் அதற்குத் தரப்படுகின்றன. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், தர வேண்டிய விவரங்களுக்கு ஒரு படிவம் உண்டு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொது முறையும் இவ்வாறே அமைந்தது. கருவியின் உள்ளே நடப்பதை ஏஜென்ட் காண்பதில்லை. எழுதிய விளக்கத்தைக் கொண்டே எதை எப்பொழுது எடுப்பதென்று தீர்மானிக்கிறது.

'ஒரு சேலை நெய்து வருக' என்று மட்டும் சொல்லி நூல் கொடுக்கும் சங்கம் எங்கேனும் உண்டா? நூல் நம்பர், நீளம், அகலம், கரை, முந்தி யாவும் குறித்த பின்னரே பாவு தறியேறுகிறது. யந்திரத்திற்கோ, 'அங்கத்தினர் விவரத்தைத் திருத்தும்' என்ற ஒரு வரி போதுமென்று எண்ணுவோர் உளர்.

அந்த வரியில் மறைந்து நிற்கும் கேள்விகள் பல. கொடுத்த விவரத்தை மட்டும் மாற்றுமா, பழைய பதிவு முழுவதையும் அழித்து எழுதுமா? செல்போன் எண்ணைத் திருத்தும்பொழுது காலியாக விட்ட வாரிசுப் பெயர் என்னவாகும்? ஆளை அடையாளம் காண்பது எதைக்கொண்டு? ஒரே தெருவில் மூன்று முருகேசன்கள் இருப்பார்கள், தலைப்பெழுத்தும் ஒன்றாயிருக்கும். தகப்பனும் மகனும் ஒரே செல்போனை வைத்திருப்பார்கள். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று வகுத்த அயல்நாட்டுப் படிவத்தில் நமது தலைப்பெழுத்து எங்கே போவது? சொல்லாவிடில் யந்திரம் ஊகித்துக்கொள்ளும். ஊகம் தவறினால் ஒருவரது கூலிச் செய்தி வேறொருவருக்குப் போகும். இருவர் ஒருவராக இணைக்கப்பட்டு, ஓர் அங்கத்தினர் பதிவேட்டிலிருந்தே மறையவும் கூடும்.

நல்ல விளக்கம் இவ்வாறு இருக்கலாம்: 'அங்கத்தினர் எண்ணைக் கொண்டு, ஒருவரது செல்போன் எண்ணை மட்டும் மாற்றும். பெயரையோ பழைய செல்போன் எண்ணையோ கொண்டு இதை உபயோகிக்கக் கூடாது. அங்கத்தினர் எண் தெரியாவிடில் முதலில் தேடும் கருவியை உபயோகிக்கவும். ஒருவருக்கு மேற்பட்டோர் கிடைத்தால், தானே தேர்ந்தெடுக்காமல் குமாஸ்தாவைக் கேட்கவும். புதிய எண் பத்து இலக்கம். 91 என்ற நாட்டுக் குறியீடு வேண்டாம். மற்ற விவரங்கள் மாறா. பழைய எண் தேதியுடன் பாதுகாக்கப்படும்.'

ஆயினும் எழுத்து மட்டும் பூட்டாகிவிடாது. 'இது படிக்க மட்டும்', 'இது அழிக்க வல்லது' எனக் கருவிகளைக் குறித்துக்காட்ட மேற்கூறிய பொது முறையில் 2025-இல் இடம் செய்யப்பட்டது. அவை குறிப்புகளே அன்றிக் காவல் அல்ல. ஆகவே நீக்குதலும் இணைத்தலும் காரியதரிசியின் சம்மதமின்றி நடவாதபடி கருவியையே அமைப்பது அவசியம்.

இவையெல்லாம் மென்பொருள் கம்பெனியாரின் வேலை, நமக்கேன் என்று சிலர் கேட்கக்கூடும். தெருவில் முருகேசன்கள் மூவர் என்பதைக் கம்பெனியார் அறியார். நம் குமாஸ்தா அறிவார். மேலும், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறரைக் கொண்டு வேலை வாங்கினாலும் பொறுப்பை அவ்வேலையை ஒப்படைத்தவரிடமே வைக்கிறது.

ஆதலின் ஒவ்வொரு சங்கமும் இவ்விளக்கங்களைத் தமிழில் எழுதி வாங்கி, நிர்வாகக் குழுவின் முன் வரி வரியாகப் படித்து, தீர்மானம் நிறைவேற்றிய பின்னரே யந்திரத்தை வேலைக்கு விட வேண்டும். புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா ஒருவர் அவ்விளக்கத்தை மட்டும் படித்து, எவரையும் கேளாமல் பிழையின்றி அவ்வேலையைச் செய்ய முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். முடியாவிடில் விளக்கம் இன்னும் முடியவில்லை என்று பொருள். துணை விதிகளை நிறைவேற்றுவதில் நாம் காட்டும் சிரத்தையை இதிலும் காட்டுவோமாக.