விதியா, நடுவரா?

1993இல் வெளிவந்த, கணிதவியலாளர் றிச்சட் கார்பீல்ட் வடிவமைத்த 'மஜிக்' சீட்டாட்டத்தின் விதிகள் மிதமிஞ்சிய நுணுக்கமுடையன. ஐயம் எழுமிடத்து நடுவரின் பொது அறிவே போதும் என்பர் சிலர். இக்கூற்று ஏற்புடையதன்று.

தாங்குவலு 2 உடைய உயிரிமீது 3 சேதம் விளைக்கும் மின்னற் சீட்டு இடப்படுகின்றது. உரியவர் மறுமொழியாக, வலுவை 3ஆல் உயர்த்தும் சீட்டை இடுகின்றார். 1999இல் புகுத்தப்பட்ட அடுக்கு முறைப்படி இறுதியில் இட்டதே முதலில் நிறைவேறும், உயிரி பிழைக்கும். வலுச்சீட்டு முந்தி, அதற்கு மறுமொழியாக மின்னல் வரின் உயிரி மடியும். சீட்டுகள் அவையே, வரிசையே தீர்ப்பு.

எழுதப்பட்ட வரிசை இல்லாதவிடத்துப் பொது அறிவு எவருடையது? பழகிய கையினருடையதே. புதியவனுக்கு விதிநூலன்றி வேறு துணையில்லை. நுணுக்கத்தைப் பழிப்போர், தம்மை அறியாமலே அதிகாரத்துக்கு வழிவிடுகின்றனர்.