டைல்ஸுக்குப் பின்னால்
ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நன்னிலம் பக்கம் சுவர்களில் ஓதம் ஏறத் தொடங்கிவிடும். இப்போதெல்லாம் அதற்கு வைத்தியம், இடுப்புயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடுவது. ஓதம் அதற்கெல்லாம் நிற்காது. டைல்ஸைத் தாண்டிப் போய், பெயிண்ட் அடித்த இடத்தில் உப்புப் பூக்கும். வண்டல் மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளை வழியே மேலேறுகிறது. அஸ்திவாரத்தின் மேல் ஈரத்தடுப்புப் பூச்சு போடாமல் சுவரை மட்டும் மூடினால் அது வேறு எங்கே போகும்? பழைய வீடுகளில் பத்தாயத்தைக் கால் கொடுத்து உயர்த்தி, அடியில் காற்றோட விட்டார்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் பதறுகிற நாம், பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டுப் பட்டுப்புடவையில் பூஞ்சணம் என்று புலம்புகிறோம். நாலு விரல் தள்ளி வைத்தால் போதுமே! டைல்ஸ் காசில் பாதியைப் பூச்சுக்குக் கொடுத்திருந்தால், அதுகூட வேண்டியிருக்காது.