துண்டுக்கடியில் பேசிய விலை

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. ஊருக்கு வந்திருந்தேன். திருமானூர் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி உறுதியானது. ஜடேஜா சென்னையை விட்டு ராஜஸ்தானுக்குப் போகிறார், சாம் கரனும் கூடவே. பதிலுக்கு சஞ்சு சாம்சன் இங்கே வருகிறார். பக்கத்தில் இருந்த சித்தப்பா மகன் போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டு, "துரோகம்ணே" என்றான். யார் பண்ண துரோகம்டா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "ஜடேஜாதான். உள்ளுக்குள்ள பேசி முடிச்சிருக்காப்ல. இல்லாம எப்படிப் போவாப்ல?"

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இது அந்தப் பதில்.

முதலில் ஜடேஜாவின் ஒப்பந்த வரலாற்றைப் பார்ப்போம். 2008இல் ராஜஸ்தான் முதல் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்த சின்னப் பையன் அவர். 2010இல் ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் மும்பையோடு பேசினார் என்று சொல்லி, ஒரு சீசன் முழுக்க ஐபிஎல் ஆடத் தடை விதித்தார்கள். பேரம் என்றால் இரண்டு தரப்பு வேண்டும். ஆனால் அந்த வருஷம் வீட்டில் உட்கார்ந்தது ஆட்டக்காரர் மட்டும்தான்.

2011இல் கொச்சி வாங்கியது. ஒரே வருஷத்தில் அந்த அணியே இல்லாமல் போனது. 2012 ஏலத்தில் சென்னையும் டெக்கானும் 20 லட்சம் டாலர் உச்சவரம்பில் போய் முட்டிக்கொண்டன. அப்போது இருந்த விதிப்படி இரண்டு அணிகளும் ஒரு ரகசியத் தொகையை எழுதிக் கொடுக்க, அதிகம் எழுதிய சென்னை ஜெயித்தது. அந்தக் கூடுதல் தொகை எவ்வளவு என்று வெளியில் சொல்லப்படாது. அது ஆட்டக்காரருக்கும் போகாது, வாரியத்துக்குப் போகும்.

எங்கள் தாத்தா மாட்டுச் சந்தைக்குப் போனவர். தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவதைச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கூட விலை தெரியாது. மாட்டுக்குக் கண்டிப்பாகத் தெரியாது. 2012 ஏலத்தைப் படித்தபோது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது. 2023இல் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குப் போனபோதும் அதே துண்டுதான். அவருடைய 15 கோடி சம்பளம் நமக்குத் தெரியும். அணிக்கும் அணிக்கும் இடையில் கைமாறிய தொகையை அதிகாரபூர்வமாக யாரும் சொல்லவில்லை.

இப்போது இன்னொரு வரலாறு. 2016, 2017 இரண்டு சீசனும் சென்னையும் ராஜஸ்தானும் ஆடவில்லை. அணிகளோடு தொடர்புடையவர்கள் சூதாட்ட விவகாரத்தில் சிக்கியதால் லோதா குழு இரண்டையும் இடைநீக்கம் செய்திருந்தது. அந்த இரண்டு வருஷம் ஜடேஜா குஜராத் லயன்ஸில் ஆடினார். தப்பு அவருடையது இல்லை, இடம் மாறியது மட்டும் அவர். 2018இல் சென்னை திரும்பி வந்தபோது நாம் அதைத் திருவிழாவாகக் கொண்டாடினோம். நானும்தான் மஞ்சள் சட்டை போட்டேன். "கம்பேக்" என்றோம்.

கவனியுங்கள். அணிக்குத் தடை வந்தால் அது கம்பேக் கதையாகிறது. ஆட்டக்காரருக்குத் தடை வந்தால் அது அவர் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறது. 2025இலும் "இவர் முன்னாடியே இப்படிப் பண்ணவர்தானே" என்று 2010ஐத் தோண்டி எடுத்தார்கள். ஒப்பந்த வரலாறு என்று நாம் சொல்வது ஒரு பக்கத்துக்கு மட்டும் எழுதப்படும் வரலாறு. என் சண்டை இதோடுதான்.

விலையும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. 2025 சீசனுக்கு முன்னால் தக்கவைக்கும் வீரர்களுக்கு 18, 14, 11 என்று அடுக்குகளை வைத்தார்கள். ஜடேஜா 18 கோடியில் தக்கவைக்கப்பட்டார், சாம்சனும் 18 கோடி. ஒரே அடுக்கில் விழுந்ததால் இருவரையும் தராசின் இரண்டு தட்டில் வைப்பது சுலபமாயிற்று. பரிமாற்றம் முடிந்தபோது சாம்சனுக்கு அதே 18. ஜடேஜாவுக்கு 14. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கொடுத்தவர், தோனி இறங்க வேண்டும் என்பதற்காகத் தான் அவுட் ஆகச் சொந்த ரசிகர்களே காத்திருந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னவர், 4 கோடி குறைத்துக்கொண்டு போனார். இதற்குப் பெயர் துரோகமா?

"அவர் சம்மதம் இல்லாம மாத்த முடியாதே" என்பார்கள். உண்மை, ஐபிஎல் விதி அப்படித்தான். ஆனால் சம்மதம் என்ற சொல்லை ஐடியில் வேலை பார்க்கிறவனிடம் சொல்லாதீர்கள். என் முதல் கம்பெனியில் பாண்டு எழுதிக் கொடுத்தேன், சம்மதித்துத்தான். மூன்று மாத நோட்டீஸ், அதுவும் சம்மதம்தான். அடுத்த கம்பெனி இன்டர்வியூவில் முதல் கேள்வியே "கடைசி சிடிசி எவ்வளவு?" முதல் வேலையில் குறைவாக வாங்கியவன், அந்தக் குறைவை முதுகில் கட்டிக்கொண்டே நாலாவது வேலைக்கும் போகிறான். வேலை தெரியுமா என்று பார்ப்பதற்கு முன்னால் பழைய சம்பளச் சீட்டைப் பார்க்கிறார்கள். இது அநியாயம் என்றுதான் கலிபோர்னியாவில் 2018 ஜனவரி முதல் பழைய சம்பளத்தைக் கேட்பதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். வேண்டாம் என்றால் அடுத்து என்ன என்பதற்குப் பதில் இல்லாத இடத்தில், சம்மதம் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

"18 கோடி வாங்குறவனுக்காக நீ ஏன்டா அழுற?" நியாயமான கேள்வி. ஜடேஜாவுக்காக நான் அழவில்லை. உச்சியில் இருக்கிறவனுக்கே இவ்வளவுதான் பேச முடியும் என்றால் கீழே இருப்பவன் கதை என்ன? எங்கள் அரியலூரிலிருந்து போன கார்த்தி செல்வத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் வளர்ந்தவர். 2022 ஆசியக் கோப்பையில் முதல் சர்வதேசப் போட்டியிலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டவர். ஹாக்கி இந்தியா லீக் 2017க்குப் பிறகு நின்றே போய், 2024 அக்டோபர் ஏலத்தோடுதான் திரும்பி வந்தது. அந்த ஏலத்தில் உச்ச விலை ஹர்மன்பிரீத் சிங்குக்கு, 78 லட்சம். அடிமட்ட அடிப்படை விலை 2 லட்சம். நடுவில் ஏழு வருஷம் சந்தையே இல்லை. அந்த ஏழு வருஷத்தில் நன்றாக ஆடி ஓய்ந்தவர்களுக்கு ஒப்பந்த வரலாறே கிடையாது. விசுவாசம், துரோகம் என்ற சொற்களெல்லாம் அவர்களுக்கு எட்டாத ஆடம்பரம்.

ஐஸ் ஹாக்கியில் இந்தக் கதை நமக்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கிறது. 1988 ஆகஸ்ட் 9, எட்மன்டன் அணி வேய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்கு விற்றது. அவருடைய ஒப்பந்தம் அணியோடு அல்ல, முதலாளி பீட்டர் பாக்லிங்டனோடு போட்ட தனிப்பட்ட ஒப்பந்தம். அந்தப் பரிமாற்றத்தில் ஆட்டக்காரர்கள், டிராஃப்ட் தேர்வுகள் போக ஒன்றரைக் கோடி டாலர் ரொக்கமும் கைமாறியது. விளையாட்டின் ஆகப்பெரிய பெயரே ஒருவருடைய சொத்துக்கணக்கில் இருந்தது. இன்றைக்கு அதே லீகில் 27 வயதையோ ஏழு சீசனையோ கடந்தவர், 'என்னை மாற்றக் கூடாது' என்ற விதியைத் தன் ஒப்பந்தத்தில் பேசி வாங்கலாம். அது யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை. ஆட்டக்காரர் சங்கம் உட்கார்ந்து பேசிய கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது.

நம்மிடம்? ஓய்வு பெற்ற கிரிக்கெட் வீரர்களுக்கு 2019 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. இப்போது ஆடுகிறவர்களுக்கு இல்லை. ஆடும்போது வாயைத் திறக்கக் கூடாது, ஓய்ந்தபிறகு சங்கம் வைத்துக்கொள்ளலாம். உலகத்தின் பணக்கார கிரிக்கெட் லீகில் இதுதான் நிலைமை.

ஆகவே ரசிகனாக நான் மூன்று விஷயம் கேட்கிறேன். அணிகளுக்குள் கைமாறும் தொகையை வெளியே சொல்லுங்கள், துண்டை எடுங்கள். ஒரே அணியில் பல வருஷம் ஆடியவருக்கு மாற்றத்தை மறுக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மறுத்தால் அந்தச் சம்பளம் குறையாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குச் சங்கம் வரட்டும். இதெல்லாம் வந்தபிறகும் ஒருவர் போனால், அப்போது கோபப்படலாம். அப்போதுகூட அது அவர் முடிவு.

இதையெல்லாம் எழுதி முடித்து தம்பிக்கு அனுப்பினேன். அவன் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறான். கான்ட்ராக்டர் மாறினால் அவன் சர்வீஸ் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கும். படித்துவிட்டுப் போன் பண்ணினான். ஜடேஜாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"அண்ணே, அந்த 'மறுத்தா சம்பளம் குறையாது'ங்கிறது… அது கிரிக்கெட்டுக்கு மட்டுமா?"