ஆறு ரப்பர் உறைகளும் ஒரு மூடநம்பிக்கையும்

பழைய கார் சேகரிப்பவர்களிடையே ஒரு வாசகம் புழங்குகிறது: கார் ஒருமுறைதான் ஒரிஜினலாக இருக்கும். பெயின்டுக்கும் சீட் தோலுக்கும் அது பொருந்தும். ஆனால் அதே வாசகத்தைச் சொல்லி, என்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் நாற்பது வயது ரப்பர் குழாய்களையும் தொடாமல் காப்பாற்றுகிறார்கள். ஏன் என்று கேட்டால் மூன்று சமாதானம் வரும். விரிசல் தெரியவில்லை, தொட்டால் மெத்தென்று இருக்கிறது, கார் அதிகம் ஓடவே இல்லை. மூன்றும் தப்பு.

1973-இல் தொடங்கி 1983 வரை வந்த போர்ஷே 911 கார்களில் பெரும்பாலானவை பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷனோடு வந்தன. அதில் கணக்குப்பிள்ளை ஒரு வட்டத் தட்டு. உள்ளே வரும் காற்று தட்டைத் தூக்கும். எவ்வளவு தூக்குகிறதோ அதற்கேற்ப பெட்ரோல் போகும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். தட்டைத் தாண்டிய பிறகு காற்று பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்குள் போய், அங்கிருந்து ஆறு குட்டை ரப்பர் உறைகள் வழியாக ஆறு சிலிண்டர்களுக்குப் பிரிகிறது. அந்த உறைகளில் ஒன்று பிளந்தால், அதன் வழியே நுழையும் காற்று கணக்குப்பிள்ளையின் கண்ணில் படாது. காற்று கூடும், பெட்ரோல் கூடாது.

ஐடிலிங்கில்தான் இது உறைக்கும். த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்க, என்ஜினின் உறிஞ்சல் அப்போதுதான் கடுமை. மயிரிழைப் பிளவுகூட என்ஜினைத் திணறவைக்கும். வேகம் எடுத்தால் பெருங்காற்றில் அந்தக் கசிவு கரைந்துவிடும். "ரோட்டில் நன்றாகத்தானே ஓடுகிறது" என்பார் உரிமையாளர். மெக்கானிக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கைச் சரிசெய்து அனுப்புவார். கசிவு அப்படியே இருக்கும். வேகத்தில் மட்டும் பெட்ரோல் வீணாகக் கொட்டும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால், அந்த வழியே காற்று புகுந்து என்ஜின் தடுமாற வேண்டும். ஒன்றுமே ஆகவில்லையென்றால், வேறெங்கோ ஏற்கனவே ஓட்டை இருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். அடுத்து, கழற்றிய ஹோஸை மேசையில் வைத்துப் பின்பக்கமாக வளைத்துப் பார்க்க வேண்டும். மடிப்பின் பள்ளத்திலும் கிளாம்ப் இறுக்கிய விளிம்பிலும் வரிவரியாக வாய் திறக்கும். என்ஜினில் பொருத்தியிருந்தபோது கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் அவை.

காரணம் காற்றிலேயே இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டத்தை ஆராய்ந்த கால்டெக் விஞ்ஞானி ஏரி ஹாகன்-ஸ்மிட், ஓசோனை அளக்க வளைத்த ரப்பர் துண்டுகளைத்தான் பயன்படுத்தினார். விரிசல் எவ்வளவு சீக்கிரம் விழுகிறது, எவ்வளவு ஆழமாக விழுகிறது என்பதே அளவுகோல். இயற்கை ரப்பரின் மூலக்கூறில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் அறுக்கிறது, அதுவும் இழுபட்டு நிற்கும் இடத்தில். இதற்கு கார் ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஷெட்டில் துணி போர்த்திக் கிடக்கும் காரின் ஹோஸும் இழுபட்டபடியேதான் கிடக்கிறது. மீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்ற பெருமை ரப்பருக்குத் தெரியாது.

மெத்தென்ற கதையும் இப்படித்தான். என்ஜினின் பிரீதர் வழியாக வரும் ஆயில் ஆவி, சில ரப்பர்களை உள்ளிருந்தே ஊறவைத்துப் பொதபொதக்கச் செய்யும். கை அதை மென்மை என்று நினைக்கிறது. அது வீக்கம்.

இன்னொரு வகையினர் 1980-இல் தயாராகி, பெட்டி பிரிக்காமல் கிடந்த ஹோஸைத் தேடிப் பிடித்துக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ரப்பரைச் சேமிப்பதற்கான ஐஎஸ்ஓ 2230 தரம், இயற்கை ரப்பருக்கு முதல்கட்டமாக 5 ஆண்டும், நைட்ரைலுக்கு 7 ஆண்டும், ஈபிடிஎம் வகைக்கு 10 ஆண்டும் தருகிறது. பிறகு சோதித்துப் பார்த்து இன்னும் சில ஆண்டுகள் நீட்டிக்கலாம். நாற்பது ஆண்டு என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

புதிதாக வரும் நகல் பாகங்களில் மட்டமானவை உண்டு என்ற புகார் நியாயமானது. ஆயில் ஆவி தாங்காத ரப்பரில் வார்த்தவை சில. பளபளப்புக்காக விற்கும் சாதாரண சிலிக்கான் குழாயும் பெட்ரோல் ஆவிக்கு ஆகாது. ஆகவே எந்த ரப்பர், எந்த ஆண்டு என்று கேட்டு வாங்க வேண்டும். ஒரிஜினல் மீது பாசம் இருந்தால் பழையதைப் பெயர் எழுதி ஒரு டப்பாவில் போட்டுவைக்கலாம்.

சேகரிப்பாளர்கள் செய்வதோ வேறு. பிளந்த உறையால் காற்று கூடி பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரியும். சில சமயம் நெருப்பு அணையுமுன் இன்டேக் வால்வு திறந்துகொள்ளும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்கையில் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பெட்ரோல் துளிகள் மிதக்கும். நெருப்பு பின்னோக்கிப் பாயும் பேக்ஃபயர் ஒன்று போதும், பெட்டி மூட்டோடு பிளந்துவிடும். இதற்கு மருந்தாகக் கடைகளில் பாப்-ஆஃப் வால்வு விற்கிறார்கள்: அழுத்தம் ஏறினால் திறந்துகொள்ளும் ஸ்பிரிங் மூடி. ஆறு பழைய உறைகளை மாற்றினால் ஒரிஜினல் கெட்டுவிடும் என்றவர்களே, அதைப் பொருத்த ஒரிஜினல் பெட்டியில் வட்ட ரம்பத்தால் ஓட்டை போட்டு ஒட்டுகிறார்கள். அந்த மூடியை அடைப்பதும் ஒரு ரப்பர் வளையம். சில ஆண்டுகளில் அதுவும் இறுகி, காற்றை உள்ளே விடத் தொடங்குகிறது.